நாய்க்குப் பங்கசு மாறி மாறி வருகிறது, ஓமோன் காரணமாக இருக்குமா?

ஏழு வயது நாய், பூசுமருந்து போட்டால் மாறுகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது, ஓமோன் காரணமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கலாம். இப்படித் திரும்ப வருவது பெரும்பாலும் மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பங்கசு. சுகமான நாயின் தோலிலும் அது இருக்கும். தோல் பழுதானால்தான் பெருகும். (வட்டமாக மயிர் கொட்டும் படை வேறு, அது பிள்ளைகளுக்கும் தொற்றும்.)

வாய்க்காலில் விழுந்து ஈரத்தோடு திரியும் எங்கள் வன்னி நாய்களுக்கு மாரியில் இது கூடும். கோடையிலும் விடாவிட்டால் உள்ளே காரணம் தேட வேண்டும். முதலில் தெள்ளும் ஒவ்வாமையும், கூடுதலாக அவைதான். அப்புறம் ஓமோன்.

பரந்தனில் பெரியப்பாவின் நாய்க்கு வயிற்றுத் தோல் கறுத்து யானைத்தோல் போலத் தடித்துவிட்டது. கிட்டப் போனால் காறிய எண்ணெய் மணம். மிருக வைத்தியர் முதலில் பார்த்தது மயிர் கொட்டிய வாலைத்தான். "முதல் சொறிஞ்சதோ, மயிர் கொட்டினதோ?" என்று கேட்டார். மயிர்தான் என்றா பெரியம்மா. கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியின் ஓமோன் குறைந்தால் அப்படித்தான்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கொட்டும், கடி இருக்காது, தொற்று ஏறிய பிறகுதான் சொறியும். சாப்பாடு கூட்டாமலே உடம்பு வைக்கும், படுத்தே கிடக்கும்.

இரத்தத்தில் தைரொக்சின் (அந்தத் தைரொயிட் ஓமோன்) குறைவு என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. வேறு வருத்தத்திலும் அது குறையும். நாய்க்கென்றே உள்ள ரி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டும் ஓமோன்) சோதனையும் சேர வேண்டும். மனிதருக்குச் செய்வது சரிவராது.

தண்ணீர் அதிகம் குடித்து, அடிக்கடி மூத்திரம் பெய்து, வயிறு தொங்கினால் கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஓமோன் கூடிவிட்டதோ என்று சந்தேகிக்கலாம். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் குடிப்பது கூடுதல். கடி நிற்கட்டும் என்று மாறி மாறிப் போடும் ஸ்டீரொயிட் ஊசியும் இதே நிலையைக் கொண்டுவரும், தைரொக்சினையும் குறைத்துக் காட்டும். அதனால் பழைய மருந்துத் துண்டுகளை மறக்காமல் கொண்டுபோங்கள். ஆனால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஸ்டீரொயிட் குளிசையை நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம்.

அதுவரை குளோரெக்சிடினும் மிக்கோனசோலும் கலந்த ஷாம்பு, வாரம் இரண்டு தரம். நுரையை 10 நிமிடம் விட்டுக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து விடுங்கள். வீட்டில் யாரும் போடும் தைரொயிட் குளிசையை எடுத்துக் கொடுத்துப் பார்க்க வேண்டாம். நாய்க்கு நிறைப்படி வேறு கணக்கு.