கொழும்பைச் சுற்றியுள்ள இரண்டாம் உலகப்போர் இடங்களை வழிகாட்டி இல்லாமல் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். நானும் மகனும் போன வருடம் ரயிலிலும் ஓட்டோவிலுமாக அப்படித்தான் பார்த்தோம். நீங்கள் கொழும்புக்குப் புதியவர் என்று நினைக்கிறேன். இங்கேயே வளர்ந்தவர்கள் இதைக் கேட்பதில்லை, எனக்கு அதுதான் வருத்தம்.

"நம்முடைய போரின் காயமே ஆறவில்லை, வெள்ளைக்காரனின் போரைத் தேடிப் போகிறீர்களா?" என்று யாராவது கீழே எழுதுவார்கள். 83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீடும் எரிந்ததுதான், எதையும் மறந்துவிட்டு இதை எழுதவில்லை. ஆனால் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் வந்தபோது ஓடியவர்களில் என் அப்பப்பாவும் ஒருவர்.

அவர் இரத்மலானை ரயில்வே வேர்க்‌ஷொப்பில் வேலை செய்தவர். அன்று ஈஸ்டர் ஞாயிறு. காலையில் தெஹிவளை வாடகை அறை வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றாராம். பக்கத்து வீட்டுப் பையன்கள் நம்முடைய பிளேன் என்று நினைத்துக் கை காட்டியிருக்கிறார்கள். அப்புறம்தான் இறக்கையில் சிவப்பு வட்டம் தெரிந்தது. வேர்க்‌ஷொப்பிலும் குண்டு விழுந்தது. இரண்டு நாளில் ஒரு தகரப் பெட்டியோடு யாழ்ப்பாண ரயில் ஏறிவிட்டார். அந்தப் பெட்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது, மூடியில் ஆணியால் கீறிய அவர் பெயரோடு.

அதனால் நாங்கள் இரத்மலானையில்தான் தொடங்கினோம். வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் மூன்றாவது ஸ்டேஷன். விமான நிலையத்தை ஒட்டி விமானப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. தாக்குதல் தொடங்கிய பிறகுதான் இங்கிருந்த பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்கள் அவசரமாகக் கிளம்பின. ஆனால் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலும் ஓடுபாதை போட்டிருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது, அங்கிருந்தும் விமானங்கள் எழும்பின. இன்று அந்த ரேஸ் கோர்ஸில் கடைகளும் விளையாட்டுத் திடலும். புல் ஓரத்தில் நின்று இதைச் சொன்னபோது மகன் போனைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

விகாரமகாதேவி பூங்கா பக்கம் இருக்கும் போர் நினைவுத் தூண் முதலில் காலி முகத்திடலில் நின்றது. எதிரிக் கப்பல்கள் அதை அடையாளமாக வைத்துக் குறிபார்த்துச் சுடலாம் என்ற பயத்தில்தான் இங்கே மாற்றினார்கள். துறைமுகத்தில் ஹெக்டர், டெனடொஸ் என்ற இரண்டு கப்பல்கள் அன்று மூழ்கின, ஆனால் உள்ளே விடமாட்டார்கள்.

அந்தப் போரில் இறந்த வீரர்களைப் புதைத்த லிவரமென்டு மயானத்தைத் தவறவிடாதீர்கள். ஒரே அளவு வெள்ளைக் கற்கள். வயதை மட்டும் வாசித்துக்கொண்டே நடந்தோம். மகன் ஓரிடத்தில் நின்று, "அப்பா, அண்ணாவை விடச் சின்னவர்" என்றான். அதற்குப் பிறகு ஓட்டோ வரும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் அன்று குண்டு விழுந்தது. வெளியே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பினோம். இப்போதும் நோயாளிகள் இருக்கும் இடம், தயவுசெய்து கமராவோடு உள்ளே போகாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்கிறேன். வழியில் ஓர் அரச அலுவலகப் பலகையில் மூன்று மொழி. தமிழில் மட்டும் ஒரு எழுத்திலும் புள்ளி இல்லை. தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்ட ஐந்து நிமிடம் போதாதா? தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. மகன் அதைப் பிழையாகவே வாசித்தான், எனக்கு வயிறு எரிந்தது.

சரி, கொக்கலையை இதில் சேர்க்க வேண்டாம். அது காலிக்கும் அப்பால், தனியாக ஒரு நாள் வேண்டும். ஏப்ரல் 4ஆம் திகதி ஜப்பான் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிய கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சலின் கட்டலினா கடல் விமானம் கொக்கலை வாவியிலிருந்துதான் கிளம்பியது. செய்தி முடியும் முன்பே அவரைச் சுட்டு வீழ்த்திச் சிறைபிடித்தார்கள். மகனுக்கு அடுத்த லீவு வந்ததும் போகிறோம், தகரப் பெட்டியில் இருக்கும் அப்பப்பாவின் படத்தையும் கொண்டுபோக வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறான்.