முழங்காலை விடுங்கள் தம்பி

கேள்வி: அண்ணா, எனக்கு 29 வயது, உப்புவெளியில் இருக்கிறேன். ஐந்து மாதமாக ஞாயிறு காலையில் நண்பரின் குதிரையில் சவாரி பழகுகிறேன். நடக்கும்போது பிரச்சினை இல்லை. ட்ரொட் (குதிரையின் துள்ளுநடை) தொடங்கினால் தூக்கித் தூக்கிப் போடுகிறது, அங்கவடியிலிருந்து (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) கால் நழுவுகிறது, கடிவாளத்தில் தொங்கிக்கொண்டுதான் சமாளிக்கிறேன். மறுநாள் உள்தொடை வலியில் மோட்டார் சைக்கிளில்கூட ஏற முடியவில்லை. காலுக்கு எப்படிப் பலம் ஏற்றுவது?

பதில்: அந்த மோட்டார் சைக்கிளில்தான் சந்தேகம் தம்பி. டாங்கியை முழங்காலால் இறுக்கி ஓடிப் பழகியவர் குதிரையிலும் அதையே செய்வார். சேணத்தில் முழங்காலை இறுக்கினால் கீழ்க்கால் பின்னால் போகும், மேலுடம்பு முன்னால் சாயும், இருக்கை கிளம்பிவிடும், அப்புறம் அங்கவடி காலில் எப்படித் தங்கும்? உள்தொடை வலி அந்த இறுக்கத்தின் கூலி.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் பாதையில், அதாவது ஆட்களைக் கரை கடத்தும் மிதவையில், ஏறிப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். எதையும் பிடிக்காமல் நிற்கத் தெரிந்தவர் முழங்காலைச் சற்று மடித்து, பாரத்தைக் குதிகாலுக்கு இறக்கிவிட்டு நிற்பார். ஆட்டமெல்லாம் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மூன்று இடத்தில் அடங்கிவிடும். விறைத்து நின்றவர்தான் பக்கத்து ஆளின் மேல் விழுவார். குதிரையிலும் அதே மூன்று மூட்டுத்தான். பலகையில் உட்கார்ந்தால் குத்துமே இரண்டு எலும்பு, அவற்றில் பாரம் சமமாக இருக்கட்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் காது, தோள், இடுப்பு, குதிகால் நாலும் ஒரே கோட்டில் வரவேண்டும். நண்பரை ஃபோனில் படம் எடுக்கச் சொல்லுங்கள், நேராக இருப்பதாக நினைத்துக்கொண்டு கூனியிருப்போம் (என் முதல் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை).

ட்ரொட்டில் குதிரையின் கால்கள் குறுக்காக இரண்டிரண்டாக விழும், டக் டக் என்று இரண்டு தட்டு. ஒன்றுக்கு எழும்பி அடுத்ததற்கு அமருங்கள். பாதத்தால் உதைத்து எழும்பவேண்டாம், குதிரையே தூக்கிவிடும், நீங்கள் இடுப்பை முன்னால் கொண்டுபோனால் போதும்.

எனக்குக் கைகொடுத்த பயிற்சி, அங்கவடி இல்லாமல் ஓட்டுவது. அனுபவமுள்ள ஒருவர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்தட்டும், நீங்கள் காலைத் தொங்கவிட்டு இருங்கள், முதலில் ஐந்து நிமிடம், அதுவும் நடையில் மட்டும். கிரேக்கரும் ரோமரும் அங்கவடி இல்லாமலே போருக்குப் போனவர்கள், ஐந்து நிமிடம் நம்மால் முடியாதா? களைத்தால் இறங்கிவிடுங்கள், களைத்த கால் திரும்பவும் இறுக்கத் தொடங்கும். பிடிக்க ஏதாவது வேண்டுமென்றால் சேணத்தின் முன்பக்கத்தைப் பிடியுங்கள். கடிவாளத்தில் தொங்கினால் அந்த வலி குதிரையின் வாய்க்கு.

பலம் தேவையில்லை என்று சொல்லவில்லை, அதை வீட்டில் சேர்க்கலாம். படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மெல்ல இறக்கி 30 விநாடி வையுங்கள். பல் தீட்டும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறுங்கள், மான்களைப் பார்த்த மாதிரியும் இருக்கும். இறங்கும்போது அவசரம் வேண்டாம், முன்தொடைக்கு அப்போதுதான் நல்ல வேலை. கடற்கரையில் உதிர் மணல் உங்கள் நடைக்கு நல்லது, குதிரையை அதில் ஓட்டாதீர்கள், தசைநாண் கெட்டுவிடும், ஈரமாக இறுகிய மணலில் விடுங்கள். தசைவலி இரண்டொரு நாளில் போகும். முழங்கால் மூட்டுக்குள் குத்தினால் டொக்டரிடம் போங்கள்.

கேள்வி: அங்கவடி வாரை எவ்வளவு நீளத்தில் வைப்பது?

பதில்: ஏறுமுன், வார் தொடங்கும் இடத்தில் விரல் நுனியை வைத்து அங்கவடியை உங்கள் பக்கம் இழுங்கள், அக்குள் வரை வந்தால் ஏறக்குறைய சரி. ஏறியபின் காலைத் தொங்கவிட்டால் அடிப்பட்டை கணுக்காலில் தட்டவேண்டும். செருப்போடு மட்டும் ஏறாதீர்கள், சிறிய குதி வைத்த சப்பாத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் முழுதாகப் போய் மாட்டிக்கொள்ளும்.