53 வயதில் விசில் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 53 வயது. வங்கியில் வேலை. கல்லூரி அணியில் கூடைப்பந்து ஆடியவன்; 25 ஆண்டுகளாகப் பந்தைத் தொடவில்லை. மகள் பள்ளி அணியில் சேர்ந்த பிறகு வாரந்தோறும் ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கிறேன். நடுவர்கள் போதாமல் போட்டிகள் தாமதமாவதைப் பார்த்து, நாமே நடுவர் தேர்வு எழுதினால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. இரத்த அழுத்தத்துக்கு ஆறு ஆண்டுகளாக டெல்மிசார்ட்டனும் மெட்டோப்ரோலாலும், சர்க்கரைக்கு மூன்று ஆண்டுகளாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். உயரம் 170 செ.மீ., எடை 81 கிலோ. தினமும் 40 நிமிடம் நடக்கிறேன், மூச்சு வாங்குவதில்லை. படி இறங்கும்போது மட்டும் இடது முழங்கால் வலிக்கிறது. "இந்த வயதில் ஓட்டம் எதற்கு?" என்கிறார் மனைவி. நான் நடுவராகலாமா, டாக்டர்?
(ஈரோடு வாசகர்)

பதில்: ஆகலாம். உங்கள் கடிதத்தைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். எனக்கு நான்கு மாதம் கொடுங்கள்.

தினமும் 40 நிமிடம் நடப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அதை வைத்து நடுவர் வேலையை அளக்கக் கூடாது. ஆடுகளத்தின் நீளம் 28 மீட்டர். ஒரு அணி பந்தைக் கையில் எடுத்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆகவே 40 நிமிட ஆட்டத்தில் பந்து நூறு முறைக்கு மேல் முனை மாறும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் நீங்கள் 20 மீட்டர் நகர்ந்தாலே இரண்டு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தூரம் பெரிதல்ல, அதைக் கடக்கும் விதம்தான் கடினம். திடீரென்று பாய வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், பக்கவாட்டில் நகர வேண்டும், சில நேரம் பின்னோக்கியும் ஓட வேண்டும். எப்போது ஓடுவது என்பதைப் பந்துதான் முடிவு செய்யும். ஆட்டக்காரர் களைத்தால் பயிற்சியாளரைப் பார்த்துக் கையைக் காட்டுவார், மாற்று ஆள் உள்ளே வருவார். நடுவருக்கு அந்த வசதி இல்லை. அதனாலேயே பல நடுவர்கள் வலியை மறைத்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது உங்கள் வயது அல்ல, இந்தப் பழக்கம்தான்.

முதலில் இதயம். நம் நாட்டவர்களுக்கு மாரடைப்பு மேலைநாட்டவரைவிட ஐந்து முதல் பத்து ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. உங்களுக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உள்ளன. ஆகவே ஓட்டப் பயிற்சியைத் தொடங்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்து, இ.சி.ஜி., எக்கோ, டி.எம்.டி. எனப்படும் ட்ரெட்மில் பரிசோதனை ஆகியவற்றைப் பற்றிக் கேளுங்கள். மெட்டோப்ரோலால் நாடித்துடிப்பை ஏறவிடாது, அது டி.எம்.டி. முடிவைக் குழப்பலாம். பரிசோதனைக்கு முன் அந்த மாத்திரையை நிறுத்தலாமா என்பதை அந்த மருத்துவரே சொல்லட்டும். நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறிவிடும். டி.எம்.டி. நன்றாக வந்தாலும் அது வாழ்நாள் உத்தரவாதம் அல்ல. இதய இரத்தக் குழாயில் இருக்கும் பெரிய அடைப்பை அது காட்டிக்கொடுக்கும். சிறிய கொழுப்புப் படிவு நாளை வெடிக்குமா என்று அதனால் சொல்ல முடியாது. ஓடும்போது நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ இடது கையிலோ வலி, காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்துங்கள். அந்த அதிகாரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டு அடுத்த கால் பகுதிக்குத் திரும்ப வேண்டாம். 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மாத்திரைப் பட்டியலில் என்னை உறுத்துவது கிளிமிபிரைடு. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரையைப் பெரும்பாலும் மிகவும் தாழவிடாது. கிளிமிபிரைடு தாழ்த்திவிடும், அதுவும் உடற்பயிற்சி நாளில். சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், படபடக்கும், வியர்க்கும். இவற்றில் நடுக்கத்தையும் படபடப்பையும் மெட்டோப்ரோலால் மறைத்துவிடும். மிஞ்சும் அறிகுறி வியர்வை. கூடைப்பந்து ஆடுகளத்தில் வியர்க்காதவர் யார்? உங்களுக்கும் தெரியாது, உடன் இருக்கும் நடுவருக்கும் தெரியாது. திடீரென்று தீர்ப்புகள் தடுமாறும், அவ்வளவுதான். சர்க்கரையைத் தாழ்த்தாத வேறு மாத்திரைக்கு மாற முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை ஆட்டத்துக்கு முன் விரலில் குத்திப் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு இறங்குங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். மாலை ஆட்டம் முடிந்த இரவில் சர்க்கரை தாழலாம் என்பதால் இரவு உணவைத் தவிர்க்காதீர்கள்.

அடுத்து, யாரும் நினைத்துப் பார்க்காத குதிகால் தசைநாண். புதிதாக நடுவர் பணிக்கு வந்த 49 வயதுக்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் பாய்ந்து கிளம்பியபோது பின்னாலிருந்து யாரோ குதிகாலில் உதைத்ததுபோல் இருந்ததாம். கோபத்தோடு திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. அறுந்தது அவருடைய தசைநாண். அந்த ஆண்டு முழுவதும் அவரால் ஆடுகளத்துக்குத் திரும்ப முடியவில்லை. பல ஆண்டுகள் நடையோடு நின்றுவிட்ட நடுத்தர வயது ஆண்கள் திடீரென்று பாயும்போது நேர்கிற காயம் இது. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளும் இந்த நாணைப் பலவீனமாக்கும். வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் ஓடப் போகாதீர்கள்.

ஆகவே நான்கு மாதப் பயிற்சியின் அடித்தளம் ஆடுசதைதான். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகால்களை மேலே தூக்கி, பிறகு படியின் மட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். 15 முறை செய்தால் ஒரு சுற்று. நாளுக்கு மூன்று சுற்று. முதல் மாதம் இதோடு, நடையின் நடுவே ஒரு நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறவருக்குக் கைக்கடிகாரம் காட்டும் நாடிக்கணக்கைவிட இதுவே நம்பகமான அளவுகோல். இரண்டாம் மாதம் வாரத்துக்கு மூன்று நாள் ஆடுகளத்தில் முனைக்கு முனை ஓடுங்கள், பாதி வேகத்தில். பாய்ச்சலும் திடீர் நிறுத்தமும் மூன்றாம் மாதத்துக்குத்தான். பின்னோக்கி ஓடுவதைக் கடைசியாகக் கற்றுக்கொள்ளுங்கள்; விழுந்தால் மணிக்கட்டு முறியும். நம் ஊரில் பல ஆடுகளங்கள் சிமென்ட் தரைதான் என்பதை மறக்க வேண்டாம்.

முழங்கால் வலிக்கு, தொடையின் முன்தசையை வலுவாக்குங்கள்: சுவரில் சாய்ந்து அரைகுறையாக அமரும் பயிற்சி போதும். ஐந்து கிலோ குறைந்தால் இன்னும் நல்லது. உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் ஏறும் சுமை சுமார் நான்கு கிலோ குறையும். வீங்கினாலோ மடங்கிக்கொண்டு நீட்ட முடியாமல் போனாலோ எலும்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

தூரம், கிட்டம் இரண்டையும் ஒரே வில்லையில் காட்டும் புரோக்ரசிவ் கண்ணாடி அணிபவராக இருந்தால் ஆடுகளத்துக்குத் தூரப்பார்வைக் கண்ணாடியைத் தனியாகச் செய்துகொள்ளுங்கள். புரோக்ரசிவின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்த்தால் உங்கள் காலடியே மங்கும். ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை எப்படியும் வேண்டும். காதையும் சொல்ல வேண்டும். உள்ளே பட்டாணி போல் உருளும் சிறு குண்டு இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை 1987-ல் கொண்டுவந்தவர் கனடாவின் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், அவரும் ஒரு கூடைப்பந்து நடுவர். அற்புதமான கருவி, ஆனால் அதன் ஒலி 115 டெசிபலைத் தொடும். உள்ளரங்கில் நாள் முழுக்க ஊதினால் காதில் ரீங்காரம் தங்கிவிடும். பயிற்சியின்போது காதடைப்பான் அணியுங்கள்.

உங்கள் மனைவியின் பயம் நியாயமானது. டி.எம்.டி. முடிவைக் கேட்க அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

நடுவர் தேர்வுக்கு இப்போதே படிக்கலாம், அதற்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை மேசை அலுவலராக உட்காருங்கள்: ஸ்கோர் எழுதலாம், 24 விநாடிக் கடிகாரத்தை இயக்கலாம். விதிகள் அங்கேதான் கைக்குள் வரும். பிறகு மகளின் வயதுச் சிறுமிகள் ஆடும் மாலை ஆட்டங்களில், நாளுக்கு ஒன்று மட்டும். மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு இந்த முறை பார்வையாளராகப் போய் வாருங்கள். பந்தை விட்டுவிட்டு, நடுவர்களின் கால்களை மட்டும் ஒரு முழு ஆட்டம் பாருங்கள். எங்கே ஓடுகிறார்கள், எங்கே நடந்தே சமாளிக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள்.