சி.எம்.வி. பிசிஆர்: இரண்டு லேப், இரண்டு எண்கள்

கேள்வி: அண்ணனுக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதமாகிறது. சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) ஐஜிஎம் (புதுத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பான்) நெகட்டிவ், ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டும் எதிர்ப்பான்) பாசிட்டிவ். ரத்தத்தில் வைரஸின் அளவைக் காட்டும் பிசிஆரில் 1,100 ஐயு/மி.லி. இருந்தது. ஒரு வாரம் கழித்து வேறு லேபில் பார்த்தால் 2,600 காப்பி/மி.லி. வைரஸ் பெருகிவிட்டதா?

பதில்: இந்த இரண்டு எண்களை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ரத்தத்தில் வைரஸ் இருப்பது உறுதி. இரண்டு ரிப்போர்ட்டையும் இன்றே மாற்று சிகிச்சைக் குழுவிடம் காட்டுங்கள்.

ஐயு (சர்வதேச அலகு) வேறு, காப்பி (வைரஸ் மரபணுவின் பிரதி) வேறு. அந்த லேபின் மாற்று விகிதம் தெரியாமல் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச அளவுகோல் 2010-இலிருந்தே இருக்கிறது; எனவே ஐயுவில் ரிப்போர்ட் கேளுங்கள். ஐயுவிலும்கூட லேபுக்கு லேப் எண் மாறும். முழு ரத்தத்தில் செய்தால், அணுக்கள் நீக்கிய திரவமான பிளாஸ்மாவைவிடப் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும். ஆகவே ஒரே லேப், ஒரே வகை ரத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தாலும் மூன்று மடங்குக்கு, அதாவது லாக் என்ற பத்தின் அடுக்குக் கணக்கில் 0.5-க்கு, மேல் மாறினால்தான் அது உண்மையான ஏற்றமோ இறக்கமோ. அளவிடக்கூடிய கீழ் வரம்பை ஒட்டிய எண்களில் ஐந்து மடங்கு வித்தியாசம்கூடப் பரிசோதனையின் தடுமாற்றமாக இருக்கலாம்.

ரத்தம் ஊதா மூடிக் குழாயில், அதாவது இடிடிஏ-வில், எடுக்கப்பட வேண்டும். பச்சை மூடிக் குழாயிலுள்ள ஹெப்பாரின் பிசிஆர் வினையையே தடுக்கும். இருக்கும் வைரஸும் குறைவாகத் தெரியலாம், தெரியாமலே போகலாம். டயாலிசிஸ் கதீட்டர் இன்னும் இருந்தால், ஹெப்பாரின் நிரப்பிய அந்தக் குழாயிலிருந்து எடுக்க வேண்டாம், கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஐஜிஎம் நெகட்டிவ் என்று நிம்மதி அடையாதீர்கள். டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட் போன்ற எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளை எடுப்பவரின் உடல் நேரத்துக்கு எதிர்ப்பான்களை உண்டாக்காது. ஐஜிஜி-க்குப் பயன் அறுவைக்கு முன்புதான்: கொடையாளர் பாசிட்டிவ், பெறுபவர் நெகட்டிவ் என்றால் ஆபத்து மிக அதிகம். ஆகவே அறுவைக்கு முந்தைய ஐஜிஜி ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள். இப்போதைய ஐஜிஜி, ஏற்றிய ரத்தத்தோடு வந்ததாகவும் இருக்கலாம்.

மருந்து தொடங்கினால் வாரம் ஒரு முறை பிசிஆர் பாருங்கள், கூடவே கிரியாட்டினினும் வெள்ளணு எண்ணிக்கையும். சி.எம்.வி.-க்கான மருந்தான வால்கான்சிக்ளோவிரின் அளவைச் சிறுநீரக வேலைத்திறனை வைத்தே முடிவு செய்கிறார்கள். அது வெள்ளணுக்களைக் குறைக்கவும் செய்யும். முதல் வாரத்தில் எண் ஏறினாலும் பதறி மருந்தை மாற்றச் சொல்லாதீர்கள். சரியான அளவில் இரண்டு வாரத்துக்கு மேல் கொடுத்தும் இறங்கவில்லை என்றால்தான் வைரஸின் யூஎல்97, யூஎல்54 மரபணுக்களில் மருந்து எதிர்ப்புச் சோதனை கேட்க வேண்டும்.

வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ இருந்தால், பிசிஆர் நெகட்டிவ் என்று விட்டுவிடக் கூடாது. குடலில் சி.எம்.வி. இருந்தும் ரத்தத்தில் தெரியாமல் போவதுண்டு. கொலனோஸ்கோபியில் சதைத் துணுக்கு எடுத்து, சி.எம்.வி.-க்கான இம்யூனோ சாயச் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.