துப்பாக்கியும் பாளை அருவாளும்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்து மீனவர்கள் பற்றிய கட்டுரையில் ‘துப்பாக்கி கொல்வதற்காகவே செய்யப்பட்ட பொருள்’ என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கம் அருவாளால் நடந்த கொலைகள் கொஞ்சமா? அதற்காக அருவாளையா குறை சொல்கிறோம்? பிடிக்கிற கையில்தானே எல்லாம் இருக்கிறது? துப்பாக்கி சுட்டு ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்குகிறார்களே, அவர்கள் யாரைக் கொன்றார்கள்?

ஒரு வாசகர், கீழக்கரை

அன்புள்ள நண்பருக்கு,

அருவாளை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், அங்கிருந்தே தொடங்குகிறேன். சாயல்குடிப் பக்கம் கொல்லர் பட்டறையில் போய் ‘அருவாள் வேணும்’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எதுக்கு?’ என்பார். அதற்குப் பதில் சொன்னால்தான் இரும்பு உலைக்குப் போகும். பனையேறிக்கு என்றால் பாளை அருவாள். தகடு மெலிசு, விளிம்பு சவரக்கத்தி மாதிரி. பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும், கை கொஞ்சம் அழுத்திவிட்டால் பாளை வீண். சீமைக்கருவேலம் வெட்ட என்றால் கனம் வேறு, வளைவு வேறு. ஆளை வெட்டவென்றே அடிக்கிற வீச்சருவாளின் நீளமே வேறு. பாளை அருவாளாலும் ஒருவரைக் கொல்லலாம்தான். ஆனால் கொல்லர் அதற்காக அதை அடிக்கவில்லை.

சரி, இதே ‘எதுக்கு?’ என்ற கேள்வியைத் துப்பாக்கி செய்கிறவரிடம் கேட்போம். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் என்ற ஊரில் பிரிட்டிஷாரின் ஆயுதச் சாலை இருந்தது. 1890களில் அங்கே ஒரு தோட்டா செய்தார்கள். அதற்கு முந்தைய தோட்டா முழுக்க உலோக உறை போட்டது. உடம்பைத் துளைத்து மறுபக்கம் போய்விடுகிறது, குண்டு பட்டவர் விழாமல் ஓடி வருகிறார் என்பது ராணுவத்தின் குறை. அதனால் நுனியில் மட்டும் உறையை விலக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார்கள். உள்ளே போனதும் ஈயம் நசுங்கி விரியும், சதையைக் கிழிக்கும். போரில் இப்படிப்பட்ட தோட்டா கூடாது என்று 1899இல் ஹேக் மாநாட்டில் அறிவித்தார்கள். எவ்வளவு ஈயம் வெளியே தெரிய வேண்டும் என்று அந்த ஆயுதச் சாலையில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டிருப்பார், இல்லையா? மனித உடம்பை வைத்துப் போட்ட கணக்கு அது. இதை எழுதும்போதே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒலிம்பிக் விஷயத்தில் நியாயம் உங்கள் பக்கம்தான். 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய 10 மீட்டர் பிஸ்டலில் வெடிமருந்தே கிடையாது. காற்றின் அழுத்தத்தில் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டு பறக்கிறது, 11.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் பட்டால் பத்துப் புள்ளி. பிடியைச் சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்றபடி செதுக்கிக்கொள்கிறார்கள். வேலை மாறியது, உருவமும் மாறிவிட்டது. நடுக்கடலில் தத்தளிக்கிறவர் வானத்தில் வெளிச்சம் விட்டு உதவி கேட்கிற துப்பாக்கியும் இருக்கிறது. ஆகவே ‘கொல்வதற்காகவே’ என்று எல்லாத் துப்பாக்கிக்கும் சேர்த்து நான் போட்ட ஏகாரத்தைத் திரும்பப் பெறுகிறேன். ராணுவத்துக்கென்று செய்த துப்பாக்கிக்கு அந்த ஏகாரம் இருக்கட்டும்.

‘காவலுக்கு, மிரட்டத்தான் வைத்திருக்கிறார்கள்’ என்று அப்புறம் எழுதுவீர்கள். மிரட்டல் எப்படிப் பலிக்கிறது? துப்பாக்கி எதற்குச் செய்யப்பட்டது என்பது எதிரே நிற்பவருக்கும் தெரியும், அதனால்.

2017 மார்ச்சில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் கடலில் குண்டு பாய்ந்து இறந்தார். தாங்கள் சுடவில்லை என்றது இலங்கைக் கடற்படை. அதற்குச் சில வருடம் கழித்துப் பாம்பனில் ஒரு விசைப்படகில் ஏறிப் பார்த்தேன். கேபின் பலகையில் ஓர் ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பழைய பெயிண்டை விட அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. “சும்மா மிரட்டத்தான் சுட்டாங்க” என்றார் படகு ஓட்டுகிற அண்ணன். வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்று காட்டச் சொன்னேன். நின்றார். அவர் கழுத்துக்கும் அந்த நீலத்துக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை.