சார்கோல் படத்துல மூணு கை தெரியுது, துடைச்சிடலாமா?

கேள்வி: பழைய சார்கோல் (கரிக்குச்சி) படம் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, உக்காந்திருக்கிற பெண் உருவம். வலது கை மங்கலா மூணு இடத்துல தெரியுது, உடம்ப சுத்தி சாம்பல் கறை. பிரேம் போடுறவர் கறைய எடுத்து, தூள் உதிராம இருக்க ஸ்ப்ரே அடிச்சுத் தர்றேன்றார். குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்க. குடுத்திருந்தா இன்னிக்கே போய் திருப்பி வாங்கிடுங்க.

அந்த மூணு கையும் கறை இல்ல, வரைஞ்சவர் கைய எங்க வைக்கலாம்னு தேடின தடம். மாடர்ன் ஓவியர்கள் நிறைய பேர் இத அழிக்காம வேணும்னேதான் விட்டாங்க. பிரெஞ்சு ஓவியர் மத்தீஸோட சார்கோல் உருவங்கள பாருங்க, தோள போட்டு, துடைச்சு, கொஞ்சம் தள்ளிப் போட்டு, திரும்பவும் துடைச்சுன்னு போகும், பழைய கோடெல்லாம் சாம்பலா அடியில கெடக்கும், உடம்புக்கு கனமே அதுலதான் வருது. பிக்காசோ 1910ல சார்கோல்ல போட்ட நிக்கிற பெண் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு, அதுல உடம்பே வெறும் கோடும் வளைவுமாதான் இருக்கும், அதையும் இந்த பிரேம்காரர் "சரி" பண்ணித் தருவாரா?

சாதாரண குச்சி சார்கோல்ல பசை கெடையாது. எரிஞ்ச குச்சியோட தூள் பேப்பரோட மேடுபள்ளத்துல சும்மா உக்காந்திருக்கு, ரப்பர் பட்டா போனது போனதுதான். ஸ்ப்ரே அடிச்சா மெல்லிசான சாம்பல் இருட்டாகிடும், சில பேர் ஹேர்ஸ்ப்ரேயே அடிக்கிறாங்க, அது நாளாக நாளாக மஞ்சளாகும். ரப்பரும் ஸ்ப்ரேயும் வெச்சிருக்கிற யார் வேணா ரெஸ்டோரேஷன்னு போர்டு மாட்டிக்கலாம், கேக்க ஆளே இல்ல, இதுல துடைச்சு முடிச்சதும் ஒரிஜினல்னு சர்டிஃபிகேட் வேற நீட்டுவாங்க, அந்தப் பேப்பர நம்பவே நம்பாதீங்க.

ஒண்ணு மட்டும், நிஜ அழுக்கும் இருக்கலாம். லென்ஸ் வெச்சுப் பாருங்க. வரைஞ்சவர் துடைச்ச தடம் கை போற திசையிலயே போகும், புதுக் கோடு அது மேல ஏறியிருக்கும். அழுக்கு அப்படி இல்ல, உடம்புன்னு பாக்காம பேப்பர் ஓரம் வரைக்கும் போகும், புதுக் கோட்டு மேலயும் படிஞ்சிருக்கும். விரல் ரேகை தெரிஞ்சாலும் அவசரப்படாதீங்க, விரலால தேய்ச்சுத்தான் நிழலே போடுவாங்க, ரேகைக்கு மேல கோடு ஓடுதுன்னா அது வரைஞ்சவர் விரல். அப்பவும் சந்தேகம்னா பேப்பர் கன்சர்வேட்டர்கிட்ட (பேப்பர்ல இருக்கிற பழைய படங்கள பாதுகாக்கிற நிபுணர்) மட்டும் காட்டுங்க.

பிரேமுக்கு கண்ணாடி போடுங்க, படத்த தொடாத மாதிரி நடுவுல மவுண்ட் (இடைவெளி விடுற அட்டை) இருக்கணும். அக்ரிலிக் ஷீட் வேணாம், துணியால துடைக்கிறப்போ அதுல ஏறுற ஸ்டாட்டிக் கரண்ட் சார்கோல் தூள அப்படியே இழுத்துக்கும்.