கணக்கை முடக்கினால் வாங்கிய கேம்கள் யாருடையவை?

கேள்வி: கொக்குவிலில் இருக்கிறேன். சில வருடங்களாக ஓர் இணையக் கடையில் கேம்கள் வாங்கி வருகிறேன். அந்தக் கடை இலங்கை முகவரியை ஏற்காததால் அமெரிக்க முகவரி கொடுத்துக் கணக்குத் திறந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் வாங்கும் கிஃப்ட் கார்ட் மூலம்தான் காசு ஏற்றுவேன். போன மாதம் ஒரு கார்ட் போட்ட மறுநாளே, அது செல்லாத கார்ட் என்று கணக்கை முடக்கிவிட்டார்கள். வாங்கிய கேம்கள் எல்லாம் அதற்குள். வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி, வெளிநாட்டு நிறுவனத்தோடு வழக்காடக் காசைச் செலவழிக்காதீர்கள். கார்ட் விற்றவரைப் பிடியுங்கள்.

கணக்குத் திறந்தபோது நீங்கள் சம்மதம் கொடுத்த நிபந்தனைகள்தான் ஒப்பந்தம். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி, இணையத்தில் செய்தது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. இந்தக் கடைகளின் நிபந்தனைகளைப் படித்தால் தெரியும்: அவர்கள் கேமை விற்பதில்லை, விளையாட அனுமதி தருகிறார்கள். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளுக்கு எதிராக 1997 இல் வந்த சட்டம் ஒன்று நம் நாட்டில் உண்டுதான். ஆனால் பொய் முகவரி கொடுத்ததால் ஒப்பந்தத்தை முதலில் மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும். அதோடு போய் நிற்பது கஷ்டம்.

உள்ளூர்க் கடைக்காரரின் கதை வேறு. திருட்டு வங்கி அட்டையில் வாங்கிய கார்ட்களை மலிவாகத் தள்ளிவிடுவது இந்தத் தொழிலில் நடக்கிறது. தெரியாமல் விற்றிருந்தாலும் செல்லாத பொருளுக்குக் காசு வாங்கியிருக்கிறார். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், அதனால் தள்ளிப் போடாதீர்கள். விவரம் கேட்க 1977 க்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டு, கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகள், கார்ட் இலக்கத்தின் படம், கணக்கை முடக்கிய மின்னஞ்சல் எல்லாவற்றையும் சேருங்கள். அதே ஆதாரங்களை இணையக் கடைக்கும் அனுப்பி, ஏமாற்றப்பட்டதைச் சொல்லி, கணக்கைத் திறக்கக் கேளுங்கள். முன்பு எப்போதாவது வங்கி அட்டையில் கேம் வாங்கியிருந்தால், அதற்கு வங்கி மூலம் காசைத் திருப்பி எடுக்க மட்டும் முயலாதீர்கள். அதற்கே கணக்கை முடக்கும் கடைகள் உண்டு.

சரி, கணக்குத் திரும்பக் கிடைத்தது என்று வைப்போம். அதன் பிறகும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதுதான் எனக்கு மனவருத்தம். யுபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம் தன் 'த க்ரூ' கேமின் சேர்வர்களை 2024 மார்ச் 31 இல் நிறுத்தியது. காசு கொடுத்தவர்களின் கணக்கிலிருந்தே அது நீக்கப்பட்டது. நின்டெண்டோ 2023 மார்ச்சில் 3டிஎஸ், வீ யூ என்ற தன் கேம் கருவிகளுக்கான இணையக் கடைகளில் விற்பனையை நிறுத்தியபோது, வாங்கியவற்றை மீண்டும் தரவிறக்க விட்டது. ஆனால் அதுவும் நிறுவனம் விரும்பும்வரைதான். கலிபோர்னியாவில் 2025 தொடக்கம் நடைமுறையில் உள்ள சட்டம்கூட, விற்பது அனுமதி மட்டுமே என்று வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லச் சொல்கிறதே தவிர, அனுமதியைப் பறிக்காதே என்று சொல்லவில்லை.

ஆகவே இனி வாங்கும்போது, நீண்ட நாள் வைத்திருக்க விரும்பும் கேம் ஜிஓஜி போன்ற கடையில் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணைப்பில்லாமல் நிறுவக்கூடிய கோப்பையே அங்கே தருகிறார்கள். வாங்கிய அன்றே தரவிறக்கி, தனி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.